வேலை நின்ற இடங்கள்: எகிப்தின் கல்லறைகளையும் கோயில்களையும் பார்க்கப் போகிறவர்களுக்கு

லக்சரில், அரசர்களின் பள்ளத்தாக்கில், மூன்றாம் ராம்சேஸின் கல்லறைக்குள் இறங்கிப் போனால் ஓரிடத்தில் பாதை விலகும். நூல் பிடித்து ஓடிவந்த தாழ்வாரம் அங்கே முட்டி நிற்கும். ஒரு பக்கமாக நகர்ந்து, பிறகு மறுபடியும் நேராகப் போகும். சுவர் நிறைய வண்ணம் இருக்கும்போது பாதையின் போக்கை யார் கவனிப்பார்கள்? கூட்டம் அந்தத் திருப்பத்தை நின்று பார்ப்பதில்லை. ராம்சேஸின் தந்தை சேத்நக்த் காலத்தில் இந்தக் குடைவைத் தொடங்கினார்கள். குடைந்துகொண்டே போனவர்களின் உளி, பக்கத்தில் ஏற்கெனவே இருந்த அமென்மெசேயின் கல்லறைக்குள் உடைத்துக்கொண்டு போய்விட்டது. வேலை நிறுத்தப்பட்டது. மகன் பட்டத்துக்கு வந்த பிறகு பாதையின் போக்கையே பக்கவாட்டில் நகர்த்திவைத்து மீதியைக் குடைந்து முடித்தார்கள்.

வளைகுடா நாடுகளின் கட்டுமானத் தளங்களில் மேற்பார்வையாளனாகவே வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். அந்தக் கல்லறையில் மற்ற ஓவியங்களையெல்லாம் பார்த்த நேரத்தைவிட அந்தத் திருப்பத்தில் நின்ற நேரமே எனக்கு அதிகம். எகிப்தில் நான் தேடித் தேடிப் பார்த்தவை பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்கள்தாம்: வேலை பாதியில் நின்ற இடம், திட்டம் மாறிய இடம், ஒருவர் போட்ட கோட்டை இன்னொருவர் திருத்திய இடம். இவற்றையெல்லாம் மனிதர் செய்திருக்க முடியாது, வேற்றுக்கிரகவாசிகள் கட்டிவிட்டுப் போனார்கள் என்று பரவும் காணொளிகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வரும். செய்தவர்களின் பெயர் இருக்கிறது, அவர்கள் வாங்கிய கூலிக்குக் கணக்கு இருக்கிறது, அவர்கள் குடியிருந்த வீட்டின் சுவர்கூட இன்னும் நிற்கிறது. அதைப் போய்ப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போகிற வழியில் உதவக்கூடிய நடைமுறை விஷயங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் தங்கும் இடம். லக்சரில் பெரிய ஹோட்டல்கள் நைல் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கின்றன. கல்லறைகள் எல்லாம் மேற்குக் கரையில். காரில் வந்தால் ஊருக்குத் தெற்கே உள்ள பாலத்தைச் சுற்றித்தான் வரவேண்டும். நாங்கள் மேற்குக் கரையிலேயே ஒரு சிறிய விடுதியில் தங்கினோம். அதிகாலையில் மலையடிவாரத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடத்தில் போய்விட முடிந்தது. பிற்பகல் வெயிலில் அறைக்குத் திரும்பி இளைப்பாறவும் முடிந்தது. லக்சர் கோயில் பக்கம் போகவேண்டுமென்றால் ஊர் மக்கள் போகும் படகு இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடும் காய்கறிக் கூடைகளோடும் உட்கார்ந்து ஆற்றைக் கடப்பது மலிவான பயணம், இனிமையான பயணமும்கூட.

சுற்றுலா நிறுவனங்கள் மேற்குக் கரையை ஒரு காலைப் பொழுதில் முடித்துவிடுகின்றன. அரசர்களின் பள்ளத்தாக்கு, ஹத்செப்சுத் கோயில், மெம்னோன் சிலைகள், இடையில் ஒரு அலபாஸ்டர் கடை, அத்தோடு சரி. அந்தக் கடையிலேயே முக்கால் மணி நேரம் போய்விடும். வண்டி அமர்த்தும்போதே, கடைக்குப் போகவேண்டாம், அந்த நேரத்தைத் தேர் எல் மதீனாவுக்குக் கொடுங்கள் என்று பேசிவிடுங்கள். ஓட்டுநர்களுக்குக் கடைகளில் தரகு கிடைக்கிறது என்பது தெரிந்ததுதான். நாங்கள் பேசிய வாடகையோடு கொஞ்சம் கூட்டித் தருகிறோம் என்றதும் அவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்.

தேர் எல் மதீனாவுக்கு, முடிந்தால், பள்ளத்தாக்குக்குப் போவதற்கு முன்பே போங்கள். அரசர்களின் கல்லறைகளைக் குடைந்தவர்கள், செதுக்கியவர்கள், வரைந்தவர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த ஊர் அது. சுற்றுமதிலுக்குள் சுமார் 70 வீடுகள். நடுவில் ஒரு குறுகிய தெரு. இருபுறமும் ஒட்டி ஒட்டி வீடுகள், முன்னறை, நடு அறை, பின்னால் சமையல் இடம். கல்லும் மண்ணும் கலந்த அடிச்சுவர்கள் இடுப்பளவுக்கு நிற்கின்றன. ஊரில் தண்ணீர் கிடையாது. கழுதைகளின் மேல் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். சம்பளம் தானியமாக வந்தது. சாதாரணத் தொழிலாளிக்கு மாதம் நான்கு மூட்டை கோதுமை, ஒன்றரை மூட்டை பார்லி. கோதுமை ரொட்டிக்கு, பார்லி பீருக்கு. மேஸ்திரிக்குக் கொஞ்சம் கூடுதல். பத்து நாள் கொண்டது ஒரு வாரம். வேலை நாட்களில் மலையைத் தாண்டிப் போய் உச்சிக்கு அருகே குடிசைகளில் தங்கி, ஓய்வு நாளில் ஊருக்குத் திரும்பினார்கள். கல்லறைக்குள் வலப்பக்கத்துக்கு ஓர் அணி, இடப்பக்கத்துக்கு ஓர் அணி, ஒவ்வோர் அணிக்கும் ஒரு மேஸ்திரி.

இவ்வளவும் எப்படித் தெரியும் என்றால், அவர்கள் எழுதி வைத்தார்கள். பாப்பிரஸ் விலை அதிகம் என்பதால், சுண்ணாம்புக்கல் சில்லுகளிலும் பானை ஓடுகளிலும் எழுதினார்கள். ஊருக்கு வெளியே உள்ள ஒரு பெரிய பள்ளத்திலிருந்து மட்டும் ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் எழுதிய வேறொரு சில்லு இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இரண்டாம் ராம்சேஸ் ஆட்சியின் 40-ஆம் ஆண்டைச் சேர்ந்த வருகைப் பதிவு. 40 பேரின் பெயர், யார் எந்த நாள் வரவில்லை, ஏன் வரவில்லை. தேள் கொட்டியது, கண் நோவு, பீர் காய்ச்சப் போனான், மேஸ்திரியின் சொந்த வேலைக்குப் போனான், தாயின் உடலைத் துணியால் சுற்றும் சடங்குக்குப் போனான். அதன் படத்தைக் கைப்பேசியில் வைத்திருந்தேன். அந்தத் தெருவில் நின்று என் மனைவியிடம் காட்டினேன். "ஏங்க, இது நீங்கள் எழுதும் மஸ்டர் ரோல் அல்லவா?" என்றாள். அதேதான். காரணத்தைச் சிவப்பு மையில் குறித்திருக்கிறார்கள். எங்கள் தளங்களிலும் வராதவனுக்குச் சிவப்பு மைதான்.

அந்த ஊரின் சரிவிலேயே தொழிலாளர்கள் தங்களுக்கென்று கல்லறைகள் குடைந்துகொண்டார்கள். பகலில் அரசனுக்கு வேலை, ஓய்வு நேரத்தில் தங்களுக்கு. அரசனின் கல்லறையில் பாதாள உலகின் பயங்கரங்கள் பக்கம் பக்கமாக வரும். இங்கே வீடும் வயலும் வரும். சென்னெஜெம் என்பவரின் கல்லறை 1886-இல் பொருள்களோடு அப்படியே கண்டுபிடிக்கப்பட்டது. வளைந்த கூரை கொண்ட சிறிய அறை, மஞ்சள் பின்னணி. ஒரு சுவரில் சென்னெஜெம் ஏர் உழுகிறார். அவர் மனைவி ஈனெஃபெர்தி பின்னால் விதை தூவுகிறாள். மறுமையின் வயலிலும் இருவரும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். இன்னொன்று இன்ஹெர்காவ் என்ற மேஸ்திரியின் கல்லறை. பூனை வடிவில் சூரியக் கடவுள் அபோபிஸ் பாம்பைக் கத்தியால் வெட்டும் ஓவியம் இங்கே இருக்கிறது. வண்ணம் நேற்றுப் பூசியது போல இருக்கிறது. எகிப்தில் ஒரே ஒரு கல்லறைதான் பார்க்க முடியும் என்று யாராவது சொன்னால், துட்டன்காமுனை விட்டுவிட்டு சென்னெஜெமைப் பாருங்கள் என்பேன்.

உள்ளே இறங்கும் படிகள் செங்குத்தானவை, குனிந்து போகவேண்டும். அறையில் நாலைந்து பேர் நின்றாலே மூச்சு முட்டும். பையை வெளியே வண்டியில் விட்டுவிடுங்கள். சுவரில் உரசினால் வண்ணம் போய்விடும். நம் மூச்சும் வியர்வையும்கூட அந்தச் சுவருக்குப் பகைதான். ராணி நெஃபெர்தாரியின் கல்லறையில் உப்புப் படிகங்கள் பூச்சைப் பெயர்த்துவிட்டதால், கலைச்சின்னங்களைப் பாதுகாக்கும் அமெரிக்காவின் கெட்டி நிறுவனம் எகிப்து அரசோடு சேர்ந்து 1986 முதல் 1992 வரை அதைச் செப்பனிட வேண்டியிருந்தது. ஆகவே கூட்டமாக உள்ளே அடைந்துகொண்டு நிற்காமல், பார்த்து முடித்து வெளியே வந்து, மற்றவர் போன பிறகு மறுபடியும் போவது நல்லது. காவலர்கள் தடுப்பதில்லை.

டிக்கெட் பற்றி ஒரு விஷயம். மேற்குக் கரையில் தேர் எல் மதீனா, ராமேசியம், மெதினத் ஹாபு, பிரபுக்களின் கல்லறைகள் போன்ற இடங்களுக்கு நாங்கள் போனபோது அந்தந்த வாசலில் டிக்கெட் தரவில்லை. மெம்னோன் சிலைகளைக் கடந்ததும் வரும் தொல்லியல் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கவேண்டியிருந்தது. தெரியாமல் மேலே போய்விட்டுத் திரும்பி வந்தவர்களைப் பார்த்தோம். எதை எங்கே வாங்குவது என்று விடுதிக்காரரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய இடங்களில் வங்கி அட்டைதான் செல்லும், ரொக்கம் வாங்குவதில்லை. மாணவர்களுக்குச் சர்வதேச மாணவர் அட்டை இருந்தால் பாதிக் கட்டணம்; படிக்கும் பிள்ளைகளோடு போகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டு போகவும்.

அரசர்களின் பள்ளத்தாக்கு காலை 6 மணிக்குத் திறக்கிறது. அப்போதே போய்விடவேண்டும். செங்கடல் கரையின் ஹுர்காதாவிலிருந்து கிளம்பும் பஸ்கள் நடுக்காலையில் வந்து சேரும். அதன் பிறகு கல்லறை வாசல்களில் வரிசை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது உத்தமம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். பள்ளத்தாக்கில் நிழல் என்பதே அரிது. கல்லறைக்குள் குளிர்ச்சியாக இருக்கும் என்று நம்மவர்கள் நினைப்பார்கள். ஆழமானவற்றில் புழுக்கம்தான். தண்ணீர், தொப்பி, கழுத்தில் ஒரு பருத்தித் துண்டு, வழுக்காத காலணி, இவை போதும்.

பொது டிக்கெட்டில் மூன்று கல்லறைகளுக்குள் போகலாம். துட்டன்காமுன், ஆறாம் ராம்சேஸ், முதலாம் சேத்தி ஆகியோருக்குத் தனி டிக்கெட். எந்த மூன்று என்பதைக் கால்களைக் கேட்டுத்தான் முடிவுசெய்யவேண்டும். என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. வாசலுக்கு அருகிலேயே உள்ள நான்காம் ராம்சேஸ் கல்லறை அவளுக்கு மிகவும் ஏற்றதாக இருந்தது. அகலமான பாதை, இறக்கம் குறைவு. மூன்றாம் ராம்சேஸ் கல்லறையும் நடக்கக் கடினமில்லை. மூன்றாம் துட்மோஸின் கல்லறைக்கு இரும்புப் படியில் ஏறி, பிறகு செங்குத்தாக இறங்கவேண்டும். அவளை வெளியே நிழலில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் போனேன். அங்கே மனித உருவங்கள் வெறும் கோடுகளால் வரையப்பட்டிருக்கும். ஒரு பெரிய பாப்பிரஸ் சுருளைச் சுவரில் ஒட்டியது போன்ற தோற்றம். முழங்கால் நன்றாக உள்ளவர்கள் தவறவிடக் கூடாது.

நான்காம் ராம்சேஸ் கல்லறையை எளிதானது என்பதற்காக மட்டும் நான் சொல்லவில்லை. அதன் வரைபடம் பாப்பிரஸில் கிடைத்து, இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அறைகளின் பெயர், முழக்கணக்கில் அளவு, பிரேதப் பெட்டி வைக்கும் இடம், எல்லாம் குறித்திருக்கிறார்கள். 3,000 ஆண்டுக்கு முந்தைய வரைபடத்தின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே கட்டுமானத்துக்குள் நடக்கும் வாய்ப்பு என்னைப் போன்றவனுக்கு வேறு எங்கே கிடைக்கும்? அந்த அரசன் தொழிலாளர்களின் எண்ணிக்கையை 120 ஆக உயர்த்தியவன். ஆனால் ஆட்சி ஆறு ஆண்டு அளவிலேயே முடிந்துவிட்டது. தூண் மண்டபமாகத் திட்டமிட்ட இடத்தையே அவசரமாகச் சவ அறையாக மாற்றினார்கள். கடைசி அறையில் நின்று, இதற்கு அப்பால் என்னவெல்லாம் குடைய நினைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

முதலாம் சேத்தியின் கல்லறைக்குக் கட்டணம் மிக அதிகம். இத்தனை பணமா என்று தயங்குகிறவர்களிடம், மற்ற செலவுகளைக் குறைத்தாவது போங்கள் என்றுதான் சொல்வேன். 1817-இல் இத்தாலியரான பெல்சோனி கண்டுபிடித்தது. 130 மீட்டருக்கும் மேல் நீளம். பூரணமாகச் செதுக்கி வண்ணமிட்ட அறைகளுக்கு நடுவே, செதுக்காமல் விட்ட ஓர் அறை இருக்கிறது. வெள்ளைச் சுவரில் முதலில் ஒருவர் சிவப்புக் கோட்டில் உருவங்களை வரைந்திருக்கிறார். பிறகு மேற்பார்வை செய்தவர் கருப்புக் கோட்டில் திருத்தியிருக்கிறார். சில உருவங்களில் தோளின் வளைவு, சிலவற்றில் கையின் நீளம். கருப்புக் கோடு ஒரே இழுப்பில் போகிறது. உளி பிடித்தவர் வருவதற்குள் அரசன் இறந்துவிட்டான். அழகு முடிந்த அறைகளில் இருக்கிறது. அந்த அழகு எப்படிப் பிறந்தது என்பது இந்த ஒரு அறையில்தான் இருக்கிறது. வழிகாட்டிகள் கல்லறைகளுக்குள் விளக்கம் சொல்ல அனுமதி இல்லை, வெளியிலேயே படம் காட்டிச் சொல்லிவிடுவார்கள். எனவே எதைப் பார்க்கவேண்டும் என்பதை நாமே குறித்துக்கொண்டு இறங்குவது நல்லது.

காவலர்களைப் பற்றிக் குறை சொல்லாதவர் இல்லை. கயிற்றைத் தூக்கி, இந்தப் பக்கம் வாருங்கள் என்று அழைத்து, விளக்கடித்துக் காட்டி, பிறகு பக்‌ஷீஷ் கேட்பார்கள். சம்பளம் குறைவான மனிதர்கள். வேண்டாமென்றால் "லா, ஷுக்ரன்" என்று புன்னகையோடு சொல்லுங்கள், விட்டுவிடுவார்கள். வேண்டுமென்றால் 10, 20 பவுண்டு நோட்டுகளைத் தனியாக ஒரு பையில் வைத்திருங்கள். ஆனால் தடுப்புக்கு அப்பால் அழைத்துப்போகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தடுப்பு சுவரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. கைப்பேசியில் படம் எடுக்கலாம், பிளாஷ் கூடாது. பிளாஷை முன்பே அணைத்துவைத்துவிட்டு இறங்குங்கள்.

சுவரில் கிறுக்கக் கூடாது என்று சொல்லவேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. ஆனால் பழைய கிறுக்கல்களைப் பார்க்கத் தவறாதீர்கள். கிரேக்கர்களும் ரோமானியர்களும் இந்தக் கல்லறைகளுக்குச் சுற்றுலா வந்து பெயர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆறாம் ராம்சேஸ் கல்லறையில் மட்டும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அதே பள்ளத்தாக்கின் கல்லறைகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் சிகை கொற்றன் என்ற பெயரை ஆய்வாளர்கள் அண்மையில் படித்திருக்கிறார்கள். அவர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லறைகளில் எழுதியிருக்கிறார். செங்கடல் துறைமுகங்களான பெரனிகேயிலும் குசேர் அல் கதீமிலும் தமிழ்ப் பிராமி பொறித்த பானை ஓடுகள் முன்பே கிடைத்திருக்கின்றன. பெரனிகேயில் ஒரு பெரிய இந்தியச் சாடி நிறைய மிளகும் கிடைத்தது. மிளகு வணிகத்தோடு வந்தவர்கள் அங்கே நின்றுவிடாமல் பாலைவனத்தைக் கடந்து இந்த மலைக்கும் வந்து பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரும் நிறைவைத் தந்தது.

பள்ளத்தாக்குக்குப் பிறகு ஹத்செப்சுத் கோயிலுக்குத்தான் எல்லோரும் போவார்கள். படம் எடுக்க அழகான இடம். எனக்கு அதைவிட மெதினத் ஹாபுவும் ராமேசியமும் முக்கியம். ராமேசியம் இரண்டாம் ராம்சேஸின் கோயில், மெதினத் ஹாபு மூன்றாம் ராம்சேஸின் கோயில். மெதினத் ஹாபுவின் வெளிச்சுவர்களில் கடல்வழிப் படையெடுத்து வந்தவர்களோடு நடந்த போர். உள்ளே, எதிரிகளின் வெட்டிய கைகளைக் குவித்து எண்ணிக் கணக்கெழுதும் காட்சி. எழுத்துகள் விரல்கள் முழுதாக உள்ளே போகும் அளவுக்கு ஆழமாக வெட்டப்பட்டிருக்கின்றன. மாலைச் சாய்வெயிலில் போங்கள். கூட்டம் இராது, கூரையின் அடிப்பக்கத்தில் நீலமும் சிவப்பும் நன்றாகத் தெரியும்.

இதே அரசனின் 29-ஆம் ஆட்சியாண்டில்தான் தேர் எல் மதீனாக்காரர்கள் வேலையை நிறுத்தினார்கள். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் அதுதான். கூலித் தானியம் வந்து சேரவில்லை. பசிக்கிறது என்று சொல்லிக்கொண்டு மலையை விட்டு இறங்கி வந்து, மூன்றாம் துட்மோஸ் கோயிலின் பின்புறம் உட்கார்ந்தார்கள். அடுத்து ராமேசியத்துக்குப் போனார்கள். உடை இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை, அரசனுக்குத் தெரிவியுங்கள் என்று முறையிட்டார்கள். பிறகு தானியம் வந்தது, மறுபடியும் தாமதமானது, மறுபடியும் உட்கார்ந்தார்கள். எழுத்தர் ஒருவர் எழுதிவைத்த பாப்பிரஸும் டூரினில்தான் இருக்கிறது.

ராமேசியத்தில் எல்லோரும் விழுந்து கிடக்கும் இரண்டாம் ராம்சேஸ் சிலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கோயிலைச் சுற்றிப் பின்னால் நடந்து போங்கள். சுடாத பச்சைச் செங்கல்லால் கட்டிய, வளைந்த கூரை கொண்ட நீண்ட கிடங்குகள் வரிசையாக இருக்கின்றன. தானியக் களஞ்சியங்கள். சாரம் கட்டாமல், செங்கல்லைச் சற்றுச் சாய்த்துச் சாய்த்து அடுக்கி எழுப்பிய வளைவுகள். அவற்றில் சில 3,200 ஆண்டுகளாக நிற்கின்றன. இந்தக் கிடங்குகள் உள்ள கோயிலின் வாசலில்தான் பசித்தவர்கள் வந்து நின்றார்கள். சம்பளம் மாதக்கணக்கில் நின்றுபோன தளங்களில் வேலை பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. தொழிலாளிகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்ற நாட்கள் உண்டு. அந்தச் சுவரருகே வெகுநேரம் இருந்தேன். ஓட்டுநர் தேடிக்கொண்டு வந்தார். எதற்காக நிற்கிறேன் என்று சொன்னதும், அவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சிகரெட் பற்றவைத்தார்.

கிழக்குக் கரைக்கு வருவோம். கர்நாக் கோயிலில் 134 தூண்கள் கொண்ட மண்டபத்தைப் பார்த்து வாய் பிளக்காதவர் இல்லை. அங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வடபாதியில் முதலாம் சேத்தி காலத்துச் சிற்பங்கள் சுவரிலிருந்து மெல்லப் புடைத்து நிற்கும்; தென்பாதியில் மகன் இரண்டாம் ராம்சேஸ் காலத்தவை உள்ளே வெட்டியவை. உள்வெட்டு சீக்கிரம் முடியும், அழிப்பதும் கடினம். அப்பாவின் பொறுமையும் பிள்ளையின் வேகமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. வெளியே வரும்போது, முதல் கோபுர வாசலின் உட்புறத்தில், தெற்குச் சுவரை ஒட்டி ஒரு மண்மேடு தெரியும். குப்பை மேடு என்று எண்ணிக் கடந்துவிடாதீர்கள். கோபுரத்தை எழுப்பக் கட்டிய செங்கல் சரிவுப் பாதையின் மிச்சம் அது. கோபுரம் முடியவே இல்லை. அதனால் சரிவையும் யாரும் அகற்றவில்லை. கர்நாக்கில் எனக்கு மிகப் பிடித்த இடம் அந்த மேடுதான். லக்சர் கோயிலை மட்டும் இருட்டத் தொடங்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு வெளிச்சத்தில் சிற்பங்கள் நன்றாகத் துலங்குகின்றன.

அஸ்வானில் முடிவுறாத தூபி, அதாவது ஒபெலிஸ்க் எனப்படும் ஒற்றைக்கல் தூண், இருக்கிறது. சுற்றுலாக் குழுக்கள் இருபது நிமிடத்தில் ஏறி இறங்கிவிடுகின்றன. ஒரு மணி நேரமாவது கொடுங்கள். சுமார் 42 மீட்டர் நீளம், 1,000 டன்னுக்கு மேல் எடை வந்திருக்கவேண்டிய ஒற்றைக் கிரானைட் கல். மூன்று பக்கமும் வெட்டி முடித்த நிலையில் விரிசல் விட்டது. அப்படியே பாறையோடு விட்டுப் போனார்கள். செம்பு உளி கிரானைட்டில் ஏறாது. டாலரைட் என்னும் கடினமான கல் உருண்டையால் இடித்து இடித்துத்தான் பள்ளம் எடுத்தார்கள். ஒருவர் உட்கார்ந்து இடித்த அகலத்துக்கு ஒரு குழிவு, அடுத்தவருக்கு அடுத்த குழிவு என்று வரிசையாக இன்னும் தெரிகிறது. விரிசல் விட்ட அன்று அந்தக் குழிவுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

இரண்டாம் ராம்சேஸ் பாறையில் குடைவித்த கோயில் உள்ள அபு சிம்பெல் அஸ்வானிலிருந்து 280 கிலோமீட்டர். விடியலுக்கு முன்பே எல்லா வண்டிகளும் கிளம்பி, எல்லாம் ஒரே நேரத்தில் போய்ச் சேரும், கோயிலுக்குள் இடிபடவேண்டும். முடிந்தால் அங்கேயே ஓர் இரவு தங்குங்கள். பஸ்கள் திரும்பிய பிறகு ஏரிக்கரையில் அமைதியாகப் பார்க்கலாம். அணையின் நீரில் மூழ்காமலிருக்க 1964 முதல் 1968 வரை இந்தக் கோயிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகளாக அறுத்து, சுமார் 65 மீட்டர் உயரத்தில் மறுபடியும் பொருத்தினார்கள். நெருங்கிப் பார்த்தால் அறுத்த கோடுகள் தெரியும். பழங்காலத்திலேயே உடைந்து விழுந்த சிலையின் தலையைத் தூக்கி ஒட்டாமல், விழுந்த இடத்திலேயே விழுந்தபடி வைத்தார்களே, அந்த நேர்மைக்காக அந்தப் பொறியாளர்களை வணங்கலாம்.

கெய்ரோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிசாவின் பெரிய பிரமிடுக்குள் ஏறுவது மூச்சுமுட்டும் வேலை. உள்ளே வெறும் கல் தொட்டி ஒன்றுதான். இதயநோய், ஆஸ்துமா, குறுகிய இடத்தில் அச்சம் உள்ளவர்கள் தவிர்த்துவிடலாம், எதையும் இழக்கமாட்டார்கள். அந்த நேரத்தில் சக்காராவுக்குப் போய், மெரெருகாவின் கல்லறையில் மீன் பிடிப்பதையும் மாடு மேய்ப்பதையும் நகை செய்வதையும் பாருங்கள். துட்டன்காமுனின் பொருள்கள் இப்போது கிசாவில் உள்ள புதிய பெரிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அரச மம்மிகள் 2021 முதல் ஃபுஸ்தாத் பகுதியில் உள்ள நாகரிக அருங்காட்சியகத்தில்.

சைவ உணவுக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். அரிசி, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, தக்காளிச் சாறு, பொரித்த வெங்காயம் கலந்த கொஷாரி தெருவெங்கும் கிடைக்கிறது. காலையில் அவரை வகையில் செய்த ஃபூல், அதே பயறில் வடை போலச் சுட்ட தஅமியா. என் மனைவி தஅமியாவை ரொட்டியில் வைத்துச் சுருட்டிப் பையில் எடுத்துக்கொள்வாள். கோயில்களின் அருகே சாப்பாடு விலை அதிகம். தண்ணீர் மூடி திறக்காத பாட்டிலில் மட்டும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள்.

லக்சரில் ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் வடக்கே அபிதோஸுக்கும் தெந்தேராவுக்கும் ஒதுக்குங்கள். காலை 6 மணிக்கு வண்டி கிளம்பினால் முதலில் தொலைவில் உள்ள அபிதோஸ், திரும்பும் வழியில் தெந்தேரா. அபிதோஸில் சேத்தியின் கோயிலில் உள்ள புடைப்புச் சிற்பங்களைவிட நுட்பமானவற்றை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. ஆடையின் மடிப்பும் கண்ணிமையின் ஓரமும் விரலால் தொட்டு உணரலாம் போலிருக்கும். தொடாதீர்கள். 76 அரசர்களின் பெயர் வரிசை அங்கேதான் இருக்கிறது. அதில் ஹத்செப்சுத், துட்டன்காமுன் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். தெந்தேராவில் ஹத்தோர் கோயிலின் கூரை, புகைக்கரி நீக்கிச் சுத்தம் செய்யப்பட்டு, நீலம் நீலமாகவே தெரிகிறது. மேல்மாடிக்குப் படி திறந்திருந்தால் ஏறுங்கள். அங்கே உள்ள ராசி மண்டலம் நகல்தான், அசலை 1821-இல் பெயர்த்துப் பாரிஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிறகு கீழே உள்ளறைகளுக்கு வந்து, அரசன் பெயரை எழுதுவதற்கான நீள்வட்டக் கட்டங்களைத் தேடுங்கள். பல கட்டங்கள் காலியாக இருக்கும். கி.மு. 54-இல் பன்னிரண்டாம் தாலமி தொடங்கிய கோயில். அவன் இறந்த பிறகு அரியணைக்கு நடந்த போட்டியில் யார் பெயரைப் பொறிப்பது என்று சிற்பிகளுக்குத் தெரியவில்லை. சுற்றிலும் எல்லாவற்றையும் செதுக்கி முடித்துவிட்டு அந்த இடத்தை மட்டும் விட்டிருக்கிறார்கள். மாலை 5 மணி போல மூடிவிடுவார்கள், அதற்குள் பார்த்து முடிக்கும்படி அபிதோஸிலிருந்து மதியம் 1 மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.